ஈனியை ஏணி என்று திருத்தியவன்

1

காலை ஐந்தே முக்காலுக்கு அவன் எழுந்தான். சமையலறை விளக்கைப் போட்டான். அடுப்பைப் பற்றவைத்து இரண்டு தம்ளர் தேநீர் போட்டான். அடுப்பை அணைத்தான். ஒன்றைக் குடித்தான், மற்றதை மூடி வைத்தான். படுக்கையறையில் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் விடைத்தாள் திருத்தியபடியே தூங்கிப்போயிருந்தாள். கன்னத்தில் சிவப்பு மை. எழுப்பினான். மேசை விளக்கை அணைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், பிளக்கைப் பிடுங்கினான். வெளிச்சம் வந்துவிட்டதால் சமையலறை விளக்கை அணைத்தான். ஆறே முக்காலுக்கு வாசல் விளக்கையும் அணைத்துவிட்டுச் செருப்பு மாட்டினான். அவள் குளியலறை வாசலில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கீசரை இன்னும் பற்றவைக்கவில்லை. ஒன்று சொன்னாள். அவன் பதில் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

(இது நான்காவது தொடக்கம். முதலாவது 'மரணம் என்பது' என்று ஆரம்பித்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது 'இரும்பு ஒரு' என்பதோடு நின்றது. மூன்றாவதில் 'நான்' என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்கு அப்புறம் கை நகரவில்லை. 'அவன்' என்று மாற்றினேன், நகர்ந்தது. அவன் நான்தான். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.)

2

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தது. எரிவாயு விபத்து விசாரணை வாக்குமூலம், நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இந்த வாக்கியம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது:

'இறந்தவர் வெந்நீர்க் கருவியை அணைக்குமாறு கூறியும், கணவர் அதனை அணைக்காமல் பணிக்குச் சென்றதால் மேற்படி விபத்து நிகழ்ந்தது.'

இதற்குக் கீழே அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கோப்பு மூடப்படும்.

அவன் பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது தொழில். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தின் மேல் பிடித்தான். ஒற்று சரி. புள்ளி சரி. எழுவாய்க்கேற்ற பயனிலை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பொய் மட்டும்தான் இருந்தது. அதற்கு மெய்ப்பில் குறியீடு கிடையாது.

படிவத்தைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

3

அவளை எழுத வேண்டும் என்றால் அவனுடைய ஒரு பிழையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மேல்நிலை வேதியியல் பாடநூல், அணைவுச் சேர்மங்கள் என்ற பாடம். ஒரு உலோக அயனி நடுவில் நிற்கும். அதைச் சுற்றி நாலோ ஆறோ பேர் வந்து தங்கள் இலத்திரன் இணையைக் கொடுத்து ஒட்டிக்கொள்வார்கள். அப்படிக் கொடுக்கிறவர்களுக்கு ஈனி என்று பெயர். அவன் படித்தது வரலாறு. ஈனி என்று ஒரு சொல்லை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அச்சுக் கோப்பவர் தூக்கத்தில் தட்டியிருக்கிறார் என்று முடிவு செய்து, பாடம் முழுக்க ஈனியை ஏணி என்று திருத்தினான். மொத்தம் எழுபத்து மூன்று இடங்கள். புத்தகம் வெளிவந்தது. 'மைய உலோக அயனியைச் சுற்றி ஆறு ஏணிகள் அமைந்துள்ளன.'

பள்ளி திறந்த இரண்டாம் வாரம் ஒரு வேதியியல் ஆசிரியை புத்தகத்தோடு அச்சகத்துக்கு வந்தாள். மேலாளர் மேசையில் அதைத் தொப்பென்று போட்டாள்.

"இங்க ஏணி வச்சது யாரு?"

மேலாளர் கூரையைப் பார்த்தார். "ஏணியா? பெயிண்ட் வேலை முடிஞ்சுதுன்னு பின்கட்டுல சாத்தி வச்சிருக்கோமே மேடம். உங்களுக்கு வேணுமா?"

"எனக்கு ஏணி வேண்டாம் சார். இந்தப் புத்தகத்துல இருந்து எடுங்கன்னு சொல்றேன்."

அவனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்றான்.

"அயனிக்கு எதுக்குங்க ஏணி? ஏறி ஒட்டடை அடிக்கவா?"

"ஈனின்னு ஒரு வார்த்தை இருக்கும்னு தெரியாது."

"தெரியலன்னா கேக்கலாம்ல?"

"யாரைக் கேக்கிறது?"

"இப்ப என்னைக் கேளுங்க."

கேட்டான். மேலாளரின் தேநீர் ஆறிப்போகும் வரை கேட்டான். மறுபதிப்பு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கல்யாணம்.

பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு ஏணி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து அவன் தலையில் கட்டினாள். ஆனால் அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். வேலை ஏவ வேண்டுமென்றால் 'சார்' என்பாள். மேலாளர் அறையில் விறைத்துக்கொண்டு நின்றதற்கான கேலி அது. சார், மோட்டார் போடுங்க. சார், குப்பையை எடுத்து வைங்க. வேலை எதுவும் இல்லாதபோது மட்டும் ஏணி. இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. மாற்றிக் கூப்பிட்டால் அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

(அவளை ரொம்பக் கெட்டிக்காரியாக எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. செத்தவர்கள் கதையில் எல்லாரும் பளிச்சென்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆகவே இதையும் எழுதிவைக்கிறேன்: எந்த டப்பாவையும் அவள் மூடி போட்டு மூடியதில்லை. ஈரத் துண்டைப் படுக்கை மேல்தான் போடுவாள். தோற்கிற சண்டையில் இடையில் தூங்கிவிடுவாள்.)

4

அடைப்புக்குறிகளைப் பற்றி ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வோம்.

அவள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம். இடதுபுறம் படிகாரம். வலதுபுறம் ஒரு அணைவு உப்பு. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி, பல உப்புகள் சேர்ந்து உறைந்த கட்டி. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தண்ணீரில் போட வேண்டும். படிகாரம் கரைந்ததும் அதில் இருந்தவர்கள் அவரவர் வழியில் போய்விடுவார்கள். அது வெறும் இரட்டை உப்பு, சேர்ந்து உட்கார்ந்திருந்தது மட்டும்தான் அதன் உறவு. அணைவு அப்படியில்லை. நடுவில் இருக்கும் உலோகமும் அதைப் பிடித்திருக்கும் ஈனிகளும் தண்ணீரிலும் ஒன்றாகவே மிதக்கும். அதனால்தான் அவர்களை மட்டும் ஒரு சதுர அடைப்புக்குள் எழுதுகிறார்கள். கீழே அவள் கையெழுத்தில்:

[சதுர அடைப்புக்கு வெளியே இருப்பது பிரிந்து போகும். உள்ளே இருப்பது பிரியாமல் சேர்ந்தே இருக்கும். பரீட்சைக்கு இது போதும், வாழ்க்கைக்கும் கிட்டத்தட்ட போதும்.]

இனி இந்தக் கதையில் வளைந்த அடைப்புக்குள் இருப்பது என் சந்தேகம். சதுர அடைப்புக்குள் இருப்பது அவள் நிஜமாகவே சொன்னது அல்லது எழுதியது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. மற்றதெல்லாம் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மேலே அச்சகத்தில் அவள் பேசியதை மேற்கோளில்தான் போட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அதில் என் கைவரிசை கொஞ்சம் இருக்கலாம்.

5

நடந்தது இதுதான்.

அவர்கள் குடியிருந்தது நாலு வீடுகள் கொண்ட கட்டிடம், இவர்களுடையது கீழ்வீடு. ஒவ்வொரு குளியலறையிலும் சுவரில் ஒரு கேஸ் கீசர். கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம், ஒன்றரை அடி அகலம். புறா எச்சம் போடுகிறது என்று வீட்டுக்காரர் நாலு துவாரங்களையும் வெளியிலிருந்து பிளாஸ்டிக் அட்டை வைத்துப் பசையால் ஒட்டி அடைத்தார். யாரும் வீட்டில் இல்லாத பகல் நேரத்தில் செய்த வேலை.

அவள் அன்று மாலையே பார்த்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னாள். கேஸ் எரியக் காற்று வேண்டும், காற்று பத்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், மணம் கிடையாது, நிறம் கிடையாது. அவர் "பாத்துக்கலாம்மா" என்றார். அவள் அவனிடம் வந்தாள்.

[சார், ஒரு ஏணி வேணும். நீங்க இல்ல. நிஜ ஏணி.]

அச்சகத்தில் ஏணி இருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றான். அந்த ஞாயிறு ஒரு அவசர மெய்ப்பு வந்தது. அடுத்த ஞாயிறு என்றான். அதுவரை அவள் கதவைத் திறந்துவைத்துக் குளித்தாள். அட்டை ஒட்டிய பதினோராம் நாள், வியாழக்கிழமை, நல்ல குளிர். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பதேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. டீச்சர் இன்னும் வரவில்லையே என்று.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. கதவை உடைத்த பத்தி. எடுத்துவிட்டேன். உங்களுக்கு அது தேவைப்படாது.)

அவளைக் கிடத்தியிருந்தபோது அவளுடைய அம்மா, அவனுக்கு அத்தை, சொன்னாள்: "தூங்குற மாதிரியே இருக்காளே. கன்னம் எப்படிச் செவந்திருக்கு பாரு." வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். என்ன களை, என்ன நிறம், உயிரோடு இருக்கிற மாதிரி. அவனும் பார்த்தான். கன்னத்தில் சிவப்பு. மை என்று நினைத்தான். விரலால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.

பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தைப் படித்தான். வரலாறு படித்தவன், ஒவ்வொரு வரியையும் நாலு தடவை படித்தான். இரத்தத்தில் இரும்பு அயனி நடுவில் இருக்கிறது. அதற்கு ஆறு இடங்கள். நாலு பக்கமும் ஒரு வளையம் பிடித்திருக்கிறது. ஐந்தாவது இடம் புரதத்துக்கு. ஆறாவது காலி நாற்காலி. ஆக்சிஜன் நுரையீரலில் வந்து அந்த நாற்காலியில் உட்காரும், உடம்பெல்லாம் சுற்றி வரும், கேட்ட இடத்தில் எழுந்து இறங்கிவிடும். அதுதான் மூச்சு என்பது. கார்பன் மோனாக்சைடும் ஒரு ஈனி. அதே நாற்காலியில் உட்காரும். ஆனால் ஆக்சிஜனைப்போல இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், லேசில் எழுந்திருக்காது. அப்படி உட்கார்ந்த இரத்தம் நல்ல செக்கச்செவேலென்று இருக்கும்.

[நிறம் மாறினால் பக்கத்தில் ஆள் மாறியிருக்கிறார் என்று அர்த்தம்.]

அவள் இதைத் தாமிர உப்புக்காக எழுதியிருந்தாள். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் வெளிர்நீலம், அம்மோனியா வந்து உட்கார்ந்தால் கருநீலம். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவாள். அத்தனை பேர் சுற்றி நின்று களை, களை என்று பாராட்டியது விஷத்தின் நிறத்தை. அதைச் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? அத்தையிடமா?

6

வீட்டுக்காரரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

அவர் அழுதார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு மாதிரி தம்பி" என்று அழுதார். அழுதது நிஜம். அன்று பிற்பகல், எல்லாரும் போன பிறகு, கீழ்வீட்டுத் துவாரத்தின் அட்டையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனதும் நிஜம். விசாரணைக்கு ஆள் வரும்போது துவாரம் திறந்திருந்தது. மற்ற மூன்று வீடுகளிலும் அட்டை அப்படியே இருந்தது. விசாரணைக்காரர் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை.

நல்ல மனுஷன் என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் பசையின் தடம் வந்து நிற்கிறது. எழுத்தாளன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் மெய்ப்புப் பார்ப்பவன். எனக்குப் பிழை என்றால் பிழைதான். எழுதியவர் அழுதாரா என்று பார்த்துத் திருத்துவதில்லை.

"எல்லாம் விதி தம்பி" என்றார்.

அட்டைக்குப் பேர் விதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

7

வாக்குமூலம் வாங்கியது மூன்றாம் நாள். அன்று அவனுக்குக் காது கேட்டது, வாய் பேசியது, நடுவில் எதுவும் இல்லை.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"அணைச்சிட்டுப் போன்னு சொன்னா."

விசாரணைக்காரர் எழுதிக்கொண்டார். எதை என்று கேட்கவில்லை. தட்டச்சாகி வந்தபோது 'வெந்நீர்க் கருவியை' என்ற சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்திருந்தன. காலி இடம் என்றால் யாராவது வந்து உட்காரத்தான் செய்வார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் அவன் அந்த அலுவலகத்துக்குப் போனான். நீள அறை, இரண்டு மேசைகள், சணல் கயிறு கட்டிய கோப்புகள்.

"சார், இந்த வரி தப்பு."

"எந்த வரி? ... நீங்க சொன்னதுதானே தம்பி? நானா கதை கட்டி எழுதினேன்?"

"கீசரைன்னு நான் சொல்லல."

"அணைன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. ஆனா கீசர் அப்ப எரியவே இல்ல."

"எரியாததை எப்படி அணைக்கச் சொல்வாங்க? எரிஞ்சிருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. இங்க பாருங்க, அணைக்கிறதுன்னா ஆஃப் பண்றது. காலங்காத்தால ஒரு பொம்பள புருஷன்கிட்ட வேற எதைச் சொல்வா? ஆத்துக்கு நடுவுல போய் அணை கட்டச் சொல்வாளா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு" என்றான் அவன்.

"என்ன அர்த்தம்?"

அவன் வாயைத் திறந்தான். கோப்புகளைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க தம்பி. இது என்ன தமிழ் வகுப்பா?"

"காத்துத் துவாரத்தை அட்டை வச்சு அடைச்சிருந்தாரு. அதை எழுதுங்க."

"நான் வந்தப்ப அட்டை இல்லையே."

"கழட்டிட்டாரு. பசை இருக்கு, பாருங்க."

"பசையை வச்சு நான் என்னத்த எழுதறது?"

அவன் படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு பாடம் முழுக்க ஏணி போட்டபோது, எழுபத்து மூன்று இடங்களிலும் மறுபதிப்பில் திருத்தினார்கள். பிழை இருக்கிறது என்று காட்டியபோது மேலாளர் ஒரு தடவைகூட 'அச்சாகிவிட்டதே' என்று சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு இருக்கிற மரியாதை ஒரு பெண்ணின் கடைசி வாக்கியத்துக்கு இல்லையா?

(அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படி இறங்கி வரும்போது தோன்றியது. இந்தக் கதையில் சொன்னதாகவே எழுதிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.)

8

ஞாயிற்றுக்கிழமை அவன் அச்சகத்துக்குப் போய் ஏணியை எடுத்தான். மேலாளர் இருந்தார்.

"எதுக்குப்பா?"

"வீட்டுக்கு. போன மாசமே எடுத்துட்டுப் போயிருக்கணும்."

மேலாளர் எழுந்து வந்தார். ஏணியின் ஒரு முனையைத் தூக்கி அவன் தோளில் சரியாக வைத்துவிட்டார்.

ஒன்பது படி வைத்த மர ஏணி. தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு சைக்கிள்காரர் "பாத்து, பாத்து" என்று திட்டினார். ஈனியை எழுதத் தெரியாத ஏணி ஒருத்தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அவள் சொல்லியிருப்பாள். (சொல்லவில்லை. அதனால்தான் சதுர அடைப்பு இல்லை.)

பக்கத்து வீட்டுத் துவாரத்தில் ஆரம்பித்தான். பிறகு மாடிப்படித் தளத்தில் ஏணியைப் போட்டு மேலே இருந்த இரண்டையும். மேல்வீட்டு அக்கா இடுப்பில் பிள்ளையோடு வந்து ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் என்கிட்டயும் சொல்லிச்சு தம்பி, கதவத் திறந்து வச்சுக் குளிங்கன்னு. நான்தான்... எனக்கு அது வெளங்கல. கேஸ்னா மணக்கும்ல, மணந்தா ஓடிடலாம்னு நெனச்சேன்."

"இது மணக்காதுக்கா."

"இப்பத் தெரியுது."

அட்டையின் ஓரத்தில் கத்தியைச் செருகி நெம்பினான். பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் கீழே வந்து நின்றார்.

"தம்பி, என்ன தம்பி இது? புறா வந்துடும் தம்பி."

"வரட்டும்."

"நாளைக்கே நான் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும்."

"அடுத்த தெருவுல உங்களுக்கு எட்டு வீடு இருக்குல்ல. அங்கயும் ஒட்டியிருக்கீங்களா?"

அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மேலே இருந்து சொன்னாள்: "என் வீட்டுல ஒட்டிப் பாருங்க. நான் புறாவ உங்க வீட்டுக்குள்ள கொண்டுவந்து விடுறேன்."

ஏணியில் நின்றபோதுதான் அவனுக்குத் தெரிந்தது, கத்தி எட்டு வீடுகளுக்கு எட்டாது என்று. அறிக்கையில் 'அட்டை' என்று ஒரு சொல் ஏறினால்தான் அங்கே யாராவது போய்ப் பார்ப்பார்கள். 'கணவர் அணைக்காமல்' என்று இருக்கும் வரை அந்தச் சொல்லுக்கு அங்கே இடம் கிடையாது. ஒரு நாற்காலிதான் இருக்கிறது.

திங்கட்கிழமை மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, மேல்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான்.

"இது எந்த வீட்டு அட்டைன்னு எப்படித் தெரியும்?" என்றார் விசாரணைக்காரர்.

"இது என் வீட்டுது" என்றாள் அக்கா. "பாருங்க, எம்புள்ள குளிக்கிற ரூமுல ஒட்டியிருந்தது. கையெழுத்து எங்க போடணும்?"

அவர் அட்டையை முகர்ந்து பார்த்தார். ஏன் முகர்ந்தார் என்று தெரியாது. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து, ஒன்பதாவது இனத்தில் விரல் வைத்தார்.

"இறந்தவர் கடைசியா கூறியதுன்னு இருக்கு. அதை நீங்களே உங்க கையால எழுதுங்க. கீழ ஒரு கோடு போட்டிருக்கேன், அதுல பொருள் எழுதுங்க. என்ன அர்த்தத்துல சொன்னாங்கன்னு. அது சரியா இருந்தா பழைய வரியை எடுத்துட்டு அட்டையைச் சேக்கறேன். நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேணும். சும்மா 'வேற அர்த்தம், வேற அர்த்தம்'னு சொன்னா நான் எதைச் சேக்கறது?"

குரல் முன்பைவிடத் தணிந்திருந்தது. அந்தத் தணிவுதான் அவனுக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

9

முடிவுகள்.

அ) அவன் பழைய படிவத்திலேயே கையெழுத்துப் போடுகிறான். களைத்துப்போனவன் கதை. நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் எட்டு வீடுகளிலும் நாளைக் காலை யாராவது குளிப்பார்கள்.

ஆ) அவன் கோட்டில் பொருளை எழுதுகிறான், ஒரே சொல்லில். விசாரணைக்காரர் வாசிக்கிறார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கிறார். அந்தச் சொல் கோப்பில் சணல் கயிற்றோடு போய்ச் சேருகிறது. இந்த முடிவைப் பாதி எழுதினேன். 'அவள் அவனைக்' என்பதோடு...

இ) வீட்டுக்காரர் தானாக வந்து உண்மையைச் சொல்கிறார். இதை நீங்களே நம்பமாட்டீர்கள்.

மூன்றும் வேண்டாம் என்று பேனாவை மூடியபோது, தொழில்புத்தி விடவில்லை. எழுதியதைத் தலைப்பிலிருந்து மெய்ப்புப் பார்க்க ஆரம்பித்தான். ஒன்றாம் பகுதி. வரிவரியாக விரல் வைத்துப் படித்தான்.

அடுப்பு: அணைத்தாயிற்று. மேசை விளக்கு: அணைத்தாயிற்று. இஸ்திரிப் பெட்டி: பிடுங்கியாயிற்று. சமையலறை விளக்கு, வாசல் விளக்கு: அணைத்தாயிற்று. கீசர்: இன்னும் பற்றவைக்கவில்லை.

இரண்டாம் முறை படித்தான். எண்ணிப் பார்த்தான். விட்டுப்போனது எதுவும் இல்லை.

அந்த வீட்டில், ஆறே முக்கால் மணிக்கு, அணைப்பதற்கு எதுவும் எரிந்துகொண்டிருக்கவில்லை.

அன்று அவளுக்கு அவன் சொன்ன பதிலை நான் ஒன்றாம் பகுதியில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். செருப்பு மாட்டியபடியே, ஒரு தடவை அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அணைச்சாச்சு" என்றான். கதவைச் சாத்தினான்.

எழுபத்து மூன்று பிழைகளுக்கு ஒரு ஆசிரியை பேருந்து ஏறி வந்து சண்டை போட்டாள். எழுபத்து நாலாவதற்குச் சண்டை போட ஆள் இல்லை. அவன் தன்னோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரரோடும் போட வேண்டியிருக்கிறது. 'வேற எதைச் சொல்வா' என்று கேட்டவரோடும். ஒரு பெண் காலையில் புருஷனிடம் ஆஃப் பண்ணச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிற அந்த நீள அறையோடும்.

அந்த அறையை அவன் திட்டலாம். ஆனால் அன்று காலை அவனும் அதைத்தான் நினைத்தான்.

10

நாளைக்குப் பத்து மணி. படிவம் மேசையில் இருக்கிறது. 'பொருள்' என்ற கோட்டில் அவன் எழுதியது நான்கு சொற்கள்: இணைப்பைக் காண்க. பத்துப் பகுதிகள்.

ஆமாம், இதுதான் இணைப்பு. ஐயா, நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆறு, ஏழாம் பகுதிகளில் மனம் நோகும்படி ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், வந்து சண்டை போடுங்கள். மற்ற வாசகர்களும் கூட இருந்து பார்க்கலாம். இது முடிவு இல்லை. கோப்பு திறந்திருக்கிறதா மூடியதா, எட்டு வீட்டுத் துவாரங்களையும் யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது இதை வாசித்து முடிக்கிறவர் கையில் இருக்கிறது. என் கையில் இல்லை.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் என்னுடையது. மூன்றாம் நாள் வாக்குமூலத்தில் அவள் வாக்கியத்தின் முதல் சொல்லை நான் விட்டுவிட்டேன். அந்நிய மனிதர் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தச் சொல் இல்லாமல்தான் எல்லாப் பிழையும் உள்ளே வந்தது. மூன்றாம் பகுதியை வாசித்தவர்களுக்கு அந்தச் சொல் மட்டுமே போதும். கோடுகூட வேண்டாம்.

ஒன்பதாவது இனம். இறந்தவர் கடைசியாகக் கூறியது:

[ஏணி, அணைச்சிட்டுப் போ.]